சோழியில் ஓடிய புரோகிராம்

சுமார் 200 வருஷத்துக்கு முன்னால் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் இருந்தார். ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரிக்கு அவர் சந்திர கிரகணம் கணிக்கும் முறையைச் செய்து காட்டினார். தரையில் சோழிகளைப் பரப்பி, அவற்றை நகர்த்தி நகர்த்திக் கூட்டல் கழித்தல். அட்டவணைகள் எல்லாம் மனப்பாடம். கணித்த கிரகணம் 1825 மே 31 இரவு வந்தது. தொடக்கம் சுமார் 4 நிமிஷம், நடு 23 நிமிஷம், முடிவு 52 நிமிஷம் பிசகியது. சோழிக் கணக்குக்கு இது அபாரம்தான்.

அந்த மனிதருக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது, ஆனால் ஞாபகசக்தி அசாத்தியம் என்பது வாரனின் கணிப்பு. 1825-ல் வெளியான அவருடைய ‘கால சங்கலித’ நூலில் இந்தக் கதை இருக்கிறது. கோட்பாடு தெரியாததை அவர் குறையாகச் சொன்னாரோ என்னவோ, உங்கள் கையில் இருக்கும் போனுக்கும் வானியல் தெரியாது. சொல்லிக்கொடுத்த படிகளை வரிசை மாறாமல் செய்யும், அவ்வளவுதான். அந்தப் பஞ்சாங்கக்காரர் தலைக்குள் ஓடியது ஒரு புரோகிராம்.

தேதியை வைத்துக் கணக்குப் போடுவது எரிச்சல் பிடித்த வேலை. மார்ச் 17-லிருந்து நவம்பர் 5 வரை எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மாதம் 30, இன்னொன்று 31, பிப்ரவரி தனிக்கட்சி. தமிழ் மாதமோ 29 நாளிலிருந்து 32 நாள் வரை போகும். அதனால் பஞ்சாங்கக்காரர்கள் மாதத்தையே தொடுவதில்லை. கலியுகம் பிறந்ததாகச் சொல்லப்படும் நாளிலிருந்து இன்றுவரை எத்தனை நாள் என்று ஒரே எண்ணாக வைத்துக்கொள்வார்கள். கூட்டல் கழித்தல் எல்லாம் அந்த எண்ணில். சந்திரன் இருக்கும் இடத்துக்கு 248 நாள் கொண்ட ஒரு சுற்று. நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள். வாக்கியத்தின் எழுத்துகளே எண்கள். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் அதனால்தான்.

கம்ப்யூட்டரும் இதையேதான் செய்கிறது. அதன் கலியுகம் 1970 ஜனவரி 1, லண்டனில் உள்ள கிரீன்விச்சை வைத்து எண்ணும் உலகப் பொது நேரப்படி நள்ளிரவு. அன்றிலிருந்து நாளுக்குப் பதில் விநாடியை எண்ணுகிறது. இரண்டுக்கும் முடிச்சுப் போடலாம்: கலி தொடங்கியதிலிருந்து அந்த ஜனவரி 1 வரை 18,52,122 நாள். கலி பிறந்தது வெள்ளிக்கிழமை. அந்த எண்ணை 7-ஆல் வகுத்தால் மீதி 6. வெள்ளிக்குப் பிறகு ஆறாவது நாள் வியாழன். 1970 ஜனவரி 1 வியாழன்தான், பழைய காலண்டர் இருந்தால் பாருங்கள்.

எண்ணிக்கையில் குழப்பமே வராது. அந்த எண்ணை எந்த ஊர்க் கடிகாரத்தில் படிப்பது என்பதில்தான் வினை.

பிரான்சில் மகனோ மகளோ இருக்கும் வீடு புதுச்சேரியில் தெருவுக்கு ஒன்றாவது உண்டு. அவர்களுக்குத் தெரியும்: குளிர்காலத்தில் பாரிஸ் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்தங்கும், கோடையில் மூன்றரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரத்தைத் திருப்புகிறார்கள். நவம்பர் 10 அன்று பாரிஸ் காலை 10 மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ என்று செப்டம்பரிலேயே பதிகிறீர்கள். அன்றைய வித்தியாசத்தை வைத்து ‘இந்தியாவில் மதியம் 1.30’ என்று ஓர் ஆப் முடிவு கட்டிவிட்டால் தப்பு, 2.30 என்பதே சரி. ஒழுங்கான புரோகிராம் மணியோடு ஊர்ப் பெயரையும் சேர்த்துப் பதியும். போன் செட்டிங்கில் ‘கொல்கத்தா’ என்று வருவதும் அதற்காகத்தான். இந்தியா முழுவதற்கும் அந்த ஒரே பெயர். புதுச்சேரிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், டெல்லிக்காரருக்கும் அதேதான்.

இன்டர்வியூவாவது மறுபடி கேட்டு வாங்கலாம். பிறந்த தேதி அப்படியல்ல.

ஒரு விண்ணப்பத்தில் ஆகஸ்ட் 15 என்று பிறந்த தேதி போடுகிறீர்கள். அதைத் தேதியாக வைக்காமல் ஒரு கணமாக, அதாவது ஆகஸ்ட் 15 நள்ளிரவு 12 மணியாக மாற்றிச் சேமிக்கும் புரோகிராம்கள் உண்டு. இந்திய நள்ளிரவு 12 என்றால் பொது நேரப்படி முந்தின நாள் மாலை 6.30. சர்வர் அதை அச்சடிக்கும்போது ஆகஸ்ட் 14 ஆகிவிடும். பொது நேரமும் உள்ளூர் நேரமும் ஒன்றாக இருக்கும் ஐஸ்லாந்து மாதிரி நாட்டில் சோதித்துப் பார்த்தால் இந்தக் கோளாறு கண்ணில் படாது. நம் பக்கம்தான் அகப்படும். பள்ளிச் சான்றிதழில் 15, பாஸ்போர்ட்டில் 15, இந்த ஒரு காகிதத்தில் மட்டும் 14 என்றால், இரண்டு நாட்டு அலுவலகங்களுக்கும் நடக்க வேண்டியவர் நீங்கள்.

பிறந்த தேதி ஒரு கணமே அல்ல. அது ஒரு பெயர் மாதிரி. பாரிஸ் போனாலும் மாறக்கூடாது. பிறந்த *நேரம்* வேறு சங்கதி. ராத்திரி 2 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை, ஜோசியரிடம் திங்கள்கிழமை. அவருக்குச் சூரியன் உதித்தால்தான் மறுநாள். இரண்டும் சரி. ஜாதகம் எழுதுபவர் ஊரையும் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறார். ஆப் எழுதுகிறவர்களும் அதைக் கேட்டால் போதும்.

அதுவரை, ஆன்லைனில் விண்ணப்பித்தால் ‘சேமி’ அழுத்தியதோடு விடாதீர்கள். கடைசியில் வரும் பிடிஎஃப்பைத் திறந்து, பிறந்த தேதி ஒருநாள் முன்னால் போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். குறிப்பாக, படிவம் வெளிநாட்டுத் தளத்தில் இருந்தால்.

பல பழைய கம்ப்யூட்டர்களில் அந்த விநாடி எண்ணிக்கைக்கு இடம் தீரப்போகிறது: 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம்மூர்க் காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடியோடு. அது அடுத்த வாரம்.