மெமோவுக்குக் காத்திருக்க வேண்டாம்

1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி, வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் தர்மபுரி மாவட்டத்தின் வாச்சாத்தியை வளைத்தன. 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். ஊர்ப் பெண்களைக் கைதுசெய்து சேலம் சிறையில் அடைத்தார்கள். அந்தத் துறைகளைச் சேர்ந்த 269 பேர் மீது தொடுத்த வழக்கில் தர்மபுரி நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2011-ல். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். அதைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது 2023-ல். அந்த 31 ஆண்டுகளும் வழக்கைத் தாங்கி நின்றது பெண்களின் வாய்மொழிதான்.

ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு செய்யும் வன்புணர்வை இனப்படுகொலைக் குற்றமாகவே ருவாண்டா தீர்ப்பாயம் 1998-ல் ஏற்றது. போர்க்காலப் பாலியல் வன்முறையைக் கண்டித்து 2008-ல் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1820-ஆம் தீர்மானம் வந்தது. நம் மருத்துவமனை இருக்கும் தென்காசியில் போர் ஏது என்று கேட்கலாம். வாச்சாத்தியிலும் போர் இல்லை. ஆயுதமும் அதிகாரமும் ஒரே கையில் இருந்தன, அவ்வளவுதான். வடகரை, பண்பொழி போன்ற மலையடிவார ஊர்களிலிருந்து சீருடைக்காரர் மீது புகாரோடு ஒரு பெண் இரவில் நம் காஷுவால்டிக்கு வந்தால், "போலீஸ் மெமோ இருக்கா?" என்று கேட்போமா? யாரைக் கண்டு பயந்து ஓடிவந்தாளோ, அவர்களிடமே சீட்டு வாங்கிவரச் சொல்வதாகும் அது.

மெமோ இல்லாவிட்டாலும் பரிசோதிக்க வேண்டும் என்று மஞ்சண்ணா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா பிரிவு 397-இன்படி, அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும் சிகிச்சை இலவசம். போலீசுக்குத் தகவல் நம்மிடமிருந்து போக வேண்டும். சிகிச்சை மறுத்தால் ஓராண்டு வரை சிறை.

ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போடும்போது அந்தப் பெண் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். பரிசோதனைக்குச் சம்மதம் வாங்குங்கள். மறுத்தால் அதையும் பதியுங்கள், சிகிச்சையை நிறுத்தாதீர்கள். 96 மணி நேரத்துக்குள் வந்தால் ஸ்வாப் எடுக்கலாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஈரத் துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட்டு சீல் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் துணி புழுங்கித் தடயம் கெடும். இரு விரல் சோதனை செய்வது ஒழுங்கீனம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காயம் இல்லையென்றால் 'காயம் இல்லை' என்று மட்டும் எழுதுங்கள். அதிலிருந்து 'வன்புணர்வு இல்லை' என்று முடிவுகட்டுவது நம் வேலையல்ல.

சாட்சிகள் மூப்படைவார்கள், சிலர் இறந்தும் போவார்கள். முதல் இரவில் ஒழுங்காக எழுதிய பதிவேடு இருந்தால், இன்னொரு ஊர்ப் பெண்கள் முப்பது வருடம் தங்கள் வார்த்தையை மட்டுமே நம்பி நிற்க வேண்டியிராது.