சின்னக் கைகளுக்கும் வேலை கொடுங்கள்

சென்ற மாதம் நான்கு நாட்கள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். முதல் நாள் இரவு ஊறப் போட்டிருந்த மொச்சை அடுப்படியில் அப்படியே கிடந்தது. பதினொரு வயது மகளை அழைத்து, "அதைக் கொஞ்சம் பிதுக்கித் தாம்மா" என்றேன். அவள் தயங்கி நின்றாள். "எனக்கு அதெல்லாம் தெரியாது உம்மா. நீங்கள்தானே தொடாதே என்பீர்கள்?" என்றாள்.

அவள் சொல்லில் கோபம் இல்லை. குறை கூறும் எண்ணமும் இல்லை. அதனால்தான் அது என்னை மிகவும் வருத்தியது. மூன்று வயதில் இதே மகள், இதே மொச்சைச் சட்டியின் அருகே வந்தமர்ந்து ஆவலோடு கை நீட்டியவள். அன்று விருந்தினர் வரவிருந்தனர். தரையெங்கும் சிதறிவிடுவாளே என்று விரட்டினேன். அன்று மட்டுமா? துடைப்பத்தை எடுத்தாலும், மாவில் கை வைத்தாலும், "போய் விளையாடு" என்பதே என் பதிலாக இருந்தது. அவளும் போய் விளையாடப் பழகிக்கொண்டாள்.

அன்புச் சகோதரிகளே! 'பிள்ளைகள் ஒரு துரும்பையும் நகர்த்துவதில்லை' என்று நாம் புலம்புகிறோம். ஆனால் வேலை செய்ய விரும்பாத குழந்தை பிறப்பதில்லை. அந்த விருப்பத்தை நாம்தான் அணைத்து விடுகிறோம்.

இதை ஆய்வாளர்களும் கண்டிருக்கின்றனர். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டோமசெல்லோ என்ற இருவர் 18 மாதக் குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி, 2006-ஆம் ஆண்டு வெளியிட்டனர். முன்பின் அறியாத ஒருவர் துணி உலர்த்தும்போது கவ்வியைத் தவறவிட்டு எட்ட முடியாமல் தவிப்பார். கை நிறையச் சுமையுடன் அலமாரிக் கதவைத் திறக்க இயலாமல் நிற்பார். யாரும் கேட்காமலே, எதையும் கொடுக்காமலே, பெரும்பாலான குழந்தைகள் தத்தித் தத்திச் சென்று உதவினர்! அவர்களே 2008-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், உதவிக்குப் பரிசாக விளையாட்டுப் பொருள் பெற்ற 20 மாதக் குழந்தைகள், பின்னர் பரிசு பெறாத குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவினர்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த இரகசியத்தை உணர்ந்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907-இல் ரோம் நகரின் ஓர் ஏழைக் குடியிருப்பில் அவர் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பொம்மைகளும் வைத்திருந்தார். குழந்தைகளோ பொம்மைகளை விட்டு, உண்மையான வேலைகளையே நாடினர். அவர்கள் உயரத்திற்கேற்ற மேசைகளும், கைக்கு அடங்கும் பொருள்களும் அங்கே இடம்பெற்றன. 1939-இல் நம் சென்னைக்கே வந்து, அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார்.

ஆகவே, வேலையைச் சுவையாக்குவதற்குப் பாட்டும் பரிசும் தேட வேண்டியதில்லை. வேலை உண்மையானதாகவும், கைக்கு அடங்குவதாகவும் இருந்தால் போதும். நம் வீட்டு வேலைகளிலேயே எத்தனை விளையாட்டு ஒளிந்திருக்கிறது! முருங்கைக் கீரையை இரவில் துணியில் சுற்றி வையுங்கள். காலையில் பிள்ளையிடம் கொடுத்து உதறச் சொல்லுங்கள். இலைகள் பொலபொலவென்று உதிர்வதைக் கண்டு அது துள்ளும். ஊறிய மொச்சையை விரலிடையே அழுத்தினால், தோல் கையில் தங்க, பருப்பு வெளியே குதிக்கும். இதைவிட வேறென்ன பொம்மை வேண்டும்?

இரண்டு, மூன்று வயதில் அழுக்குத் துணியைக் கூடையில் போடவும், வாசலில் செருப்புகளை ஜோடி சேர்க்கவும் சொல்லலாம். நான்கு, ஐந்து வயதில் சுப்ரா விரித்துத் தட்டுகளை எண்ணி வைக்கலாம், செடிக்கு நீரூற்றலாம், அரிசியை அளந்து போடலாம். எண்ணும் கணக்கும் தாமே வந்துவிடும். ஆறு, ஏழு வயதில் தம் படுக்கையை மடிக்கலாம், சிறு துடைப்பத்தால் ஓர் அறையைப் பெருக்கலாம். ஆனால் நெருப்பு, அரிவாள்மனை, கொதிக்கும் கஞ்சி, கழிவறை கழுவும் திராவகம் ஆகியவை எட்டாத இடத்தில் இருக்கட்டும். சிறு பிள்ளைகள் பருப்பை வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளக் கூடும். எனவே நாம் அருகிலேயே இருக்க வேண்டும்.

மூன்று தவறுகளைத் தவிர்ப்போம். பிள்ளை பெருக்கிய இடத்தை அதன் கண்ணெதிரே மீண்டும் பெருக்காதீர்கள். 'உன் வேலை வீண்' என்று அது சொல்லாமலே சொல்லிவிடும். ஒவ்வொரு வேலைக்கும் மிட்டாய் கொடுக்காதீர்கள். மிட்டாய் நின்றால் வேலையும் நிற்கும். குறும்பு செய்ததற்குத் தண்டனையாக வேலை கொடுக்காதீர்கள். பிறகு வேலை என்றாலே தண்டனை என்றாகிவிடும்.

இன்னொன்று. "ஆண் பிள்ளைக்கு எதற்கு அடுப்படி வேலை?" என்று என் மாமியார் கேட்டார்கள். "மாமி, நாளை இவனும் வளைகுடாவுக்குப் போய் அறையெடுத்துத் தங்கினால் யார் சமைத்துப் போடுவார்கள்?" என்றேன். பல ஆண்டுகள் அப்படித் தாமே பொங்கி உண்ட கணவரை எண்ணியோ என்னவோ, அவர்கள் மறுமொழி பேசவில்லை.

காய்ச்சல் தெளிந்தபின் மீண்டும் மொச்சை ஊறப் போட்டேன். காலையில் மகளையும் ஐந்து வயது மகனையும் அருகே அமர்த்தி, ஒரே ஒரு முறை பிதுக்கிக் காட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். மகனின் முதல் பருப்பு மாமியாரின் மடியில் போய் விழுந்தது. அவர்கள் சிரித்துக்கொண்டே தாமும் ஒரு பிடி எடுத்துக்கொண்டார்கள். மகள் மட்டும் நெடுநேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மெல்ல ஒரு மொச்சையை எடுத்தாள். அன்று குழம்பு கொதிக்க இரண்டு மணியாயிற்று. தரையில் கிடந்த பருப்பை அவளே பொறுக்கினாள்.

என்னை விரட்டிய அந்த அவசரம் எதற்காக என்று இப்போது எனக்கே நினைவில்லை. வந்த விருந்தினர் யார் என்பதும் மறந்துவிட்டது. நீட்டிய அந்தச் சின்னக் கை மட்டும் மறக்கவில்லை. உங்கள் வீட்டில் இன்று ஒரு சின்னக் கை நீண்டால், சகோதரியே, அதில் ஒரு வேலையை வையுங்கள்.