கடலுக்கு யார் வைத்த பேர்?

"பாட்டி, பாக் ஜலசந்தின்னா பாகிஸ்தானுக்கும் நமக்கும் நடுவுல இருக்கிற கடலா?"

மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் அட்லஸை விரித்துக்கொண்டு பேத்தி கேட்டாள். சிரித்துவிட்டேன். ஆனால், அவள் கேட்டதில் தப்பில்லை. ராமேஸ்வரத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே 'பாக்' என்ற பேருக்கு என்ன வேலை?

ராபர்ட் பாக் என்று ஒரு வெள்ளைக்காரர். கப்பற்படைப் பாதிரியாராக இந்தியா வந்தவர். 1763 முதல் 1767 வரை நம்ம ஜார்ஜ் கோட்டையில் கவர்னர். சில வருஷ உத்தியோகம். பேர் மட்டும் இன்னும் வரைபடத்தில் மிதக்கிறது!

அப்படியானால் நம் ஜனங்கள் அந்தக் கடலுக்குப் பேரே வைக்கவில்லையா? தனுஷ்கோடிப் பக்கம் கேட்டுப் பாருங்கள். வடக்கே அலை அடங்கிக் கிடப்பது 'பெண் கடல்'. தெற்கே சீறுகிற மன்னார் வளைகுடா 'ஆண் கடல்'. தீர்த்தமாட வருகிறவர்களுக்கு இவையே மகோததி, ரத்னாகரம். இந்தப் பேர்கள் அட்லஸில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

'ஜப்பான் கடல்' என்கிறது ஜப்பான். 'கிழக்குக் கடல்' என்கிறது தென்கொரியா. பேருக்காகவே வருஷக்கணக்கில் மல்லுக்கட்டு. நம் கடலில் பேருக்குச் சண்டையில்லை, கோட்டுக்குத்தான். 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தில் எல்லைக்கோடு பாக் ஜலசந்தியிலிருந்து 'ஆதாம் பாலம்' வரை என்று எழுதியிருக்கிறது. நாம் சேது என்பதைத்தான் அப்படி எழுதினார்கள். சுதந்திர நாடுகள் இரண்டு, வெள்ளைக்காரன் வரைபடத்துப் பேரை வைத்தே கடலைப் பங்கு போட்டன. கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. 1976-ல், ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்றும் முடிவானது.

"தாத்தா காலத்திலிருந்து வலை போட்ட இடம்" என்கிறார் ராமேஸ்வரத்து மீனவர். "உங்கள் இழுவைமடிப் படகுகள் எங்கள் வலையை அறுக்கின்றன" என்கிறார் யாழ்ப்பாணத்து மீனவர். இரண்டு பேர் சொல்வதும் தமிழில்தான். இரண்டு பேர் வயிறும் அதே தண்ணீரை நம்பித்தான்.

எல்லாம் சொன்னேன். பேத்தி பென்சிலை எடுத்து, 'பாக்' பக்கத்தில் சின்னதாகப் 'பெண் கடல்' என்று எழுதினாள்.

"இதை அந்தப் பக்கத்துப் பிள்ளைங்களும் எழுதுவாங்களா பாட்டி?"

அவர்கள் புத்தகத்தில் அது 'பாக்கு நீரிணை'. அவர்கள் பாட்டிகள் என்ன பேர் சொல்வார்களோ! கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.