இடியனும் யானைக் குண்டும்

வன்னிப் பெருநிலத்தில் பழைய தலைமுறையினர் துவக்கு என்றால் முதலில் நினைப்பது ‘இடியனை’த்தான். குழலின் வாயினூடாக மருந்தைக் கொட்டி, அதன்மேல் தக்கை வைத்து, குண்டை இட்டு, கோலால் இடித்து இறுக்கி வெடிக்கவைக்கும் துவக்கு அது. பெயரே அதன் தொழிலைச் சொல்லிவிடுகிறது. கடையில் வாங்கிய தோட்டாவைச் செருகி விசையை இழுப்பவனுக்கு இல்லாத ஒரு பொறுப்பு இடியன்காரனுக்கு உண்டு. எவ்வளவு மருந்து, எத்தகைய குண்டு என்பதை அவனே தீர்மானிக்கவேண்டும். குறைந்தால் விலங்கு காயத்தோடு ஓடும். கூடினால் குழல் பிளந்து அவன் கையே போகும்.

இந்தக் கணக்கைத் தம் வாழ்நாள் முழுவதும் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் நம் நாட்டில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். பின்னாளில் நைல் நதியின் ஏரிகளைத் தேடிச் சென்று புகழ்பெற்ற சாமுவேல் பேக்கரே அவர். 1848 ஆம் ஆண்டில் நுவரெலியாவில் பண்ணை அமைத்து, 1855 வரை அங்கிருந்தார். அவர் வேட்டையை நாம் போற்ற வேண்டுவதில்லை. ஆயினும் துவக்கைப் பற்றி அவர் சிந்தித்த முறையில் மாணவர்க்குப் பயன்படும் பௌதிகம் நிறைய உண்டு.

1840 இல், பத்தொன்பது வயது இளைஞராக இருந்தபோதே, பிறிஸ்டல் நகரத்துத் துவக்குத் தொழிலாளரான கிப்ஸ் என்பவரிடம் ஒரு றைபிளைச் செய்வித்தார். எடை 21 இறாத்தல். குழல் 36 அங்குலம். உருண்டைக் குண்டு 3 அவுன்ஸ், கூம்புக் குண்டு 4 அவுன்ஸ். மருந்து 16 திராம், அதாவது முழுதாக ஓர் அவுன்ஸ். இது எவ்வளவு பெரிய அளவென்று உணர ஓர் ஒப்பீடு போதும். பிரித்தானியக் காலாட்படைக்கு 1853 இல் அமைந்த என்பீல்ட் துவக்குக்கு மருந்து இரண்டரைத் திராமே! பேக்கரின் துவக்கு அதனைப்போல் ஆறு மடங்குக்கும் மேல் தின்றது.

ஏன் இத்தனை மருந்து? பெருங் குண்டுக்குச் சிறு மருந்து இடுவதே அந்நாளைய வழக்கம். அத்தகைய குண்டு மெதுவாகச் செல்லும். செல்லும் வழியிலேயே நிலம் அதனைக் கீழே இழுத்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இலக்கை அடைய அரை விநாடி எடுக்கும் குண்டு, அதற்குள் ஏறத்தாழ நான்கு அடி கீழே இறங்கிவிடும். கால் விநாடியில் அடையும் குண்டு இறங்குவது ஓர் அடியே. நேரம் பாதியானால் இறக்கம் காற்பங்காகிறது. தூரத்தைச் சிறிது தவறாக மதித்தாலும் விரைந்த குண்டு உரிய இடத்திற் படும். மெதுவான குண்டு நெற்றிக்கு வைத்த குறியைத் துதிக்கையிலே கொண்டுபோய்ச் சேர்க்கும். இன்னும், வேகம் இருமடங்கானால் குண்டின் இயக்கச் சக்தி நான்கு மடங்காகும்.

வரவு இருக்குமிடத்தில் செலவும் இருக்குமன்றோ? குண்டு முன்னே பாயும்போது துவக்கு பின்னே உதைக்கிறது. மூன்று அவுன்ஸ் என்பது 85 கிராம். 21 இறாத்தல் என்பது ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோகிராம். மருந்துப் புகையின் உந்தத்தைத் தள்ளிவைத்தால், குண்டின் வேகத்தில் நூற்றுப் பன்னிரண்டில் ஒரு பங்கு வேகத்தோடு துவக்கு தோளை இடிக்கும். துவக்கின் எடையைப் பாதியாக்கினால் இடியின் வேகம் இரட்டிக்கும். ஆகவே அந்த 21 இறாத்தல் வீண் பாரமன்று. சுடுகிறவனின் தோளெலும்புக்கு அதுவே காப்பு. அதனைச் சுமந்து காட்டில் நடந்த கூலியாளின் தோளைப்பற்றி யாரும் கணக்கெழுதவில்லை.

அடுத்தது குண்டு. தூய ஈயம் மெதுமையானது; தடித்த எலும்பிற் பட்டால் நசுங்கிப் பரந்து நின்றுவிடும். யானையின் நெற்றியெலும்போ தேன்கூடு போன்ற காற்றறைகளைக் கொண்டது; மூளை அதற்குப் பின்னே ஆழத்தில், தலையின் பருமனுக்குப் பொருந்தாச் சிறு இடத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரம் நேராகச் செல்லவேண்டுமானால் குண்டு கடினமாயிருத்தல் வேண்டும். ஈயத்தோடு வெள்ளீயம் சேர்த்தால் கடினம் வரும். ஆனால் வெள்ளீயம் பாரங் குறைந்தது. ஈயத்தின் அடர்த்தி 11.3, வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3. பேக்கர் தேர்ந்தது பாதரசம். அதன் அடர்த்தி 13.5. ஒன்பது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு பாதரசம் என்பது அவர் எழுதிவைத்த அளவு. குண்டு கடினமாகவும் ஆயிற்று, எடையும் குறையவில்லை.

கெட்டிக்காரத்தனமான யோசனைதான். ஆனால் இரசாயனம் படிப்போர் இங்கே சற்று நிற்கவேண்டும். ஈயம் உருகுவது 327 பாகை செல்சியசில். பாதரசம் கொதிப்பது 357 பாகையில். இடைவெளி முப்பது பாகை மட்டுமே. உருகிய ஈயத்திற் பாதரசத்தை ஊற்றும்போது எழும் ஆவி கடும் நஞ்சு. நரம்புகளையும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும் என்பதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அந்த அடுப்பைச் சுற்றி நின்று குண்டு வார்த்தவர்கள் அதை அறிந்திருக்கமாட்டார்கள். வீட்டில் யாரும் இதனைச் செய்துபார்க்க எண்ணவும் வேண்டாம்.

மழைநாட்டில் இன்னொரு தொல்லை. வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த கரு மருந்து ஈரத்தை உறிஞ்சவல்லது. நுவரெலியாப் பனியில் ஓர் இரவு கிடந்த மருந்து, காலையில் வெடிக்குமா, சீறிவிட்டு அணையுமா என்பது நிச்சயமில்லை. வேட்டைக்காரர் முதல்நாள் இட்ட மருந்தைச் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதிதாக நிரப்பியதற்கு ஆடம்பரம் காரணமன்று.

இத்தனை அளவும் எடையும் பார்த்த மனிதர், மின்னேரியாக் குளக்கரையில் ஒருநாள் குண்டின்றி நின்றார். எருமை வேட்டை; கொண்டுவந்த குண்டுகளெல்லாம் தீர்ந்துவிட்டன. காயம்பட்ட எருமைக் கடா எதிரே நின்று அவரை உறுத்துப் பார்க்கிறது. துணைக்கு வந்தவர் தொலைவில். திரும்பி ஓடினால் கடா பாயும். பேக்கர் கண்ணை அதன் கண்ணிலிருந்து எடுக்காமலே இருமடங்கு மருந்தைக் குழலிற் கொட்டினார். சட்டையிலிருந்து துணியைக் கிழித்தார். பையிலிருந்த சில்லறை வெள்ளிக் காசுகளை, மொத்தம் மூன்று சிலிங் பெறுமதி, அதிலே சுருட்டி உருண்டையாக்கினார். இடித்து முடித்தாரோ இல்லையோ, கடா பாய்ந்தது. மிக அருகில் வரவிட்டு நெற்றியிற் சுட்டார். கடா குப்புற விழுந்தது.

விழுந்ததே தவிர, செத்துவிடவில்லை. தலை கிறுங்கிப்போய்ச் சிறிது நேரத்தில் எழ முயன்றது. அந்த இடைவேளையே உயிர்தப்பப் போதுமாயிருந்தது. ஏன் சாகவில்லை? ஒரு சிலிங் காசின் எடை 5.65 கிராம், சிறு காசுகளும் அந்த வீதப்படியே அடிக்கப்பட்டவை. ஆகையால், எந்தக் காசாக இருந்தாலும் மூன்று சிலிங் வெள்ளியின் எடை 17 கிராமே. அவருடைய மூன்று அவுன்சுக் குண்டின் எடையில் அது ஐந்திலொரு பங்கு. அதுவும் ஒரே திரளாக நில்லாது, பட்டவுடன் சிதறும். மருந்தை எவ்வளவு கூட்டினாலும் குண்டின் குறையை அது ஈடுசெய்யாது.

இக்கதையை நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டுச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆனால் அக்கடா ஏன் காயத்தோடு நின்றது என்றும் அவர்கள் கேட்கவேண்டும். பேக்கர் போன்று அளந்து சுட்டவர் குழலிலிருந்து வந்தவையே கொல்லாமற் புண்படுத்தின என்றால், அளவறியாதவர் சுட்டவை எத்தனை புண்படுத்தியிருக்கும்? அந்நாளில் யானையைக் கொன்றால் அரசாங்கம் சன்மானம் கொடுத்தது. 1848 க்கு முந்திய மூன்றாண்டுக்குள், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன என்று அக்காலக் குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட் எழுதுகிறார். மேஜர் றொஜர்ஸ் என்ற ஒருவரே 1,400 க்கு மேல் சுட்டார் என்பதும் அவர் தரும் கணக்கே. அந்த றொஜர்ஸ் 1845 இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். சன்மானப் பதிவேட்டில் ஏறியவை இறந்த யானைகள். குண்டைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் மறைந்தவை எந்தப் பதிவிலும் இல்லை.

பேக்கர் ஆபிரிக்காவுக்குப் போனபின், இலங்கையிற் பலித்த நெற்றிக் குறி அங்கே பலிக்கவில்லை. ஆபிரிக்க யானையின் மண்டை அமைப்பு வேறு. மீண்டும் கணக்கு, மீண்டும் பெரிய குண்டு. அரை இறாத்தல் எடையுள்ள வெடிகுண்டைச் சுடும் ஒரு றைபிளை வைத்திருந்தார். அதற்கு அவர் இட்ட செல்லப்பெயர் ‘குழந்தை’. சுடுந்தோறும் அது அவரைப் பம்பரம்போற் சுழற்றிவிடுமாம். தமக்கே அதனைக் கண்டு அச்சம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பிற்காலத்திற் புகையில்லா மருந்து வந்து இந்தப் பெருங் குழல்களை ஓய்வுபெறச் செய்தது. 1889 இல் ஏபெல், டிவார் என்னும் இருவர் கோடைட்டை ஆக்கினர். 1898 இல் றிக்பி நிறுவனத்தின்.450 தோட்டா அதனை யானை வேட்டைக்குக் கொணர்ந்தது. கோடைட்டுக்கும் ஒரு குணமுண்டு. வெப்பநிலை ஏற ஏற அதன் அமுக்கமும் ஏறும். இங்கிலாந்தின் குளிரில் நன்கு வேலைசெய்த தோட்டா, இந்திய வெயிலிற் காய்ந்தபின் சுட்டால் வெற்றுத் தோட்டா அறையில் ஒட்டிக்கொண்டு வரமறுக்கும். ஆகவே வெப்ப நாடுகளுக்கென மருந்து குறைத்த தோட்டாக்களைத் தனியே செய்தனர். அளந்து நிரப்பும் வேலை வேட்டைக்காரன் கையிலிருந்து தொழிற்சாலைக்குப் போயிற்று.

நம் நாட்டிலோ அது கையை விட்டு முற்றாகப் போகவில்லை. 1937 இல் வனசீவராசிகளையும் தாவரங்களையும் காக்கும் கட்டளைச்சட்டம் வந்தது. யானையைச் சுடுதல் குற்றம். இருந்தும் காட்டுப் பாதைகளிற் கட்டுத்துவக்கு இன்றும் கட்டப்படுகிறது. அதனை நிரப்புகிறவன் எதிரே வரப்போவது பன்றியா, மானா, யானையா, விறகு பொறுக்கும் மனிதனா என்று அறியான். சுடும்போது அவன் அங்கே இருப்பதுமில்லை. அதனிலும் கொடியது ‘ஹக்க பட்டாஸ்’ எனப்படும் வாய்வெடி. தீனிக்குள் மருந்தை மறைத்து வைப்பார்கள். பன்றிக்கென்று வைத்தது இளம் யானையின் வாயில் வெடித்தால், தாடையும் நாவும் சிதைந்துபோகும். அதன்பின் அந்தக் குட்டி தண்ணீரருகே நின்றும் குடிக்கமாட்டாது. பல நாள் பட்டினி கிடந்தே சாகிறது.