வைரஸை அழித்த பிறகும் அது திரும்பி வந்தது எப்படி?

கிள்ளானில் என் பெரியப்பா மகன் ஒரு சிறிய கணக்கு அலுவலகம் நடத்துகிறார். போன வருடம் ஒரு காலையில் அவரிடமிருந்து அழைப்பு. "தம்பி, அந்த வைரஸ் மறுபடியும் வந்துடுச்சுப்பா."

அது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் நான்தான் போய்ச் சுத்தம் செய்தேன். வைரஸ் தடுப்பு மென்பொருள் அந்தத் திருட்டு நிரலைப் பிடித்து அழித்தது. சில நாள்களில் அதே நிரல், அதே கணினியில். வாடிக்கையாளர்களின் சம்பளப் பட்டியல், சேமநிதிக் கணக்கு எல்லாம் அதில்தான்.

அண்ணனின் சந்தேகம், அந்த மேசையில் உட்காரும் இளம்பெண் மீது. "வீட்டுல இருந்து பென்டிரைவ் கொண்டுவந்து செருகுறா போல. இந்த மாசத்தோட நிறுத்திடலாம்னு இருக்கேன்."

"ஒரு வாரம் பொறுங்கண்ணே. கணினியையே கேட்டுப் பார்ப்போம்" என்றேன்.

கணினி எப்படிப் பதில் சொல்லும்? விண்டோஸில் நிகழ்வுப் பதிவேடு ஒன்று உண்டு. அடுக்குமாடி வீட்டின் பாதுகாவலர் வைத்திருக்கும் வருகைப் புத்தகம் மாதிரி. ஆனால் எந்த நிரல் எப்போது ஓடியது என்ற விவரத்தை அது தானாக எழுதாது. நாம்தான் அந்த வசதியை இயக்க வேண்டும். இயக்கினால், பாதுகாப்புப் பதிவேட்டில் 4688 என்ற எண்ணில் ஒவ்வொரு நிரலின் தொடக்கமும் பதிவாகும். இன்னும் விவரம் வேண்டுமென்றால், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் சிஸ்மோன் இருக்கிறது. எந்த நிரல் எந்த நிரலைத் தொடங்கியது என்பதைக்கூட அது எழுதி வைக்கும்.

கோப்புகளை வேறு கணினிக்கு மாற்றினோம். மறுபடியும் சுத்தம் செய்து, சிஸ்மோனை நிறுவினேன். அந்தப் பெண்ணை வேறு மேசைக்கு அனுப்பச் சொன்னேன். அந்தக் கணினியை அண்ணன் மட்டுமே திறந்தார்.

நான்காம் நாள் வைரஸ் வந்துவிட்டது. பென்டிரைவ் எதையும் யாரும் செருகவில்லை.

பதிவேட்டைத் திறந்தேன். காலையில் அண்ணன் விபிஎன் இணைப்பைத் தொடங்கியிருக்கிறார். அந்த விபிஎன் மென்பொருள், வழக்கம்போல நெட்ஷ் என்ற கருவியை அழைத்திருக்கிறது. அடுத்த வரிதான் என்னை நிமிர வைத்தது: நெட்ஷ், பெயர் தெரியாத ஒரு நிரலைத் தொடங்கியிருந்தது. நெட்ஷ் விண்டோஸின் சொந்தக் கருவி. நெட்வொர்க் அமைப்புகளை மாற்றுவது அதன் வேலை. அதற்கு இந்த வேலை ஏன்?

விஷயம் இதுதான். நெட்ஷுக்குக் கூடுதல் திறன் சேர்க்க, டிஎல்எல் வகைத் துணைக் கோப்புகளை அதனுடன் இணைக்கலாம். அந்தத் துணைவர்களின் பட்டியல் ரெஜிஸ்ட்ரியில், மைக்ரோசாஃப்ட் கிளைக்குள் நெட்ஷ் என்ற பகுதியில் இருக்கும். நெட்ஷ் ஓடும்போதெல்லாம் பட்டியலில் உள்ளவற்றை ஏற்றிக்கொள்ளும். யாரோ அதில் தங்கள் கோப்பின் பெயரையும் எழுதிவிட்டார்கள். நாங்கள் வைரஸை அழித்தோம். அதை மறுபடியும் இறக்கித் தரும் அந்தத் துணைக் கோப்பு தப்பிவிட்டது. கரப்பான்பூச்சியை அடித்துவிட்டு முட்டையை விட்டுவைத்த கதை.

இது புதிய தந்திரமல்ல. தாக்குதல் உத்திகளைத் தொகுக்கும் மைட்டர் அட்டாக் பட்டியலில் இதற்கு டி1546.007 என்ற எண்ணே உண்டு. கணினித் துறையில் இருக்கும் இளைஞர்கள் மூன்று தடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, நெட்ஷ் கட்டளையில் 'ஆட் ஹெல்ப்பர்' என்ற சொற்கள். இரண்டு, அந்த ரெஜிஸ்ட்ரி பகுதியில் புதிய பதிவு. சிஸ்மோனில் இது 13ஆம் எண் நிகழ்வு. மூன்று, நெட்ஷ் வேறொரு நிரலைத் தொடங்குவது, அல்லது சிஸ்டம்32 கோப்புறைக்கு வெளியிலிருந்து டிஎல்எல் கோப்பை ஏற்றுவது. பின்னது 7ஆம் எண் நிகழ்வு. அதைப் பதிவு செய்யும்படி சிஸ்மோனில் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும்.

பதிவேட்டின் நகல் வேறொரு கணினிக்கும் போகட்டும். நிர்வாகி உரிமை பெற்ற திருடனால் பதிவேட்டையே அழிக்க முடியும். பாதுகாப்புப் பதிவேட்டை அப்படி அழித்தால், பொதுவாக 1102 என்ற எண்ணில் ஒரு குறிப்பு மிஞ்சும்.

வீட்டில் இருப்பவர்கள் இவ்வளவு தூரம் போக வேண்டாம். அன்றாட வேலைக்கு நிர்வாகி கணக்கைப் பயன்படுத்தாதீர்கள்; நெட்ஷ் பட்டியலில் பெயர் சேர்க்க நிர்வாகி உரிமை வேண்டும். அழித்த வைரஸ் திரும்பி வந்தால் மறுபடியும் துடைத்துக்கொண்டிருக்காமல், கோப்புகளைக் காப்பாற்றிக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். கடவுச்சொற்களை வேறு கணினியிலிருந்து மாற்றுங்கள். உதவி தேவையென்றால் சைபர் செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 மையம் இருக்கிறது. அண்ணன் கணினிக்கும் கடைசியில் புது விண்டோஸ்தான் போட்டேன்.

அந்தத் துணைக் கோப்பு முதலில் எப்படி உள்ளே வந்தது என்று அண்ணன் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அன்று பதிவேடு இயங்கவில்லை; சாட்சி இல்லை.

"சாட்சியே இல்லாம அந்தப் புள்ளைய அனுப்ப இருந்தேனே" என்றார். அவள் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். அலுவலகத்தின் ஐந்து கணினிகளிலும் இப்போது பதிவேடு ஓடுகிறது. வாரம் ஒருமுறை அதைப் பார்ப்பவளும் அவள்தான்.