இறக்கத்தில் கவனம் தேவை



உறையூர்வாசிகளான நமக்கு மலை என்றால் மலைக்கோட்டைதான். ஏறத்தாழ 83 மீட்டர் உயரம். ஏறுவதற்குப் படிகளும் உண்டு. படியில்லா மலையில் கால் பதித்தறியாத பிள்ளைகள் நம் இல்லங்களில் ஏராளம். துறையூருக்கு அப்பால், கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த பச்சைமலை 1000 மீட்டர் அளவுக்கு உயர்ந்து நிற்கிறது. மலையாளிப் பழங்குடியினர் மரவள்ளி பயிரிட்டு வாழும் பூமி அது.

ஸ்காட்லாந்தின் 3000 அடிக்கு மேற்பட்ட சிகரங்களை 1891-ல் சர் ஹியூ மன்றோ பட்டியலிட்டார். அவற்றில் நடப்போர், செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டே புறப்படுவர். நாமும் அவ்வாறே செய்வோம்.

ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போதோ உடலின் பாரமெல்லாம் முழங்காலில் இறங்கும். தசைகள் களைத்த பின்னரே இறக்கம் வருவதால், கால் வழுக்குவதும் அப்போதுதான். சிற்றடி வைத்து இறங்குங்கள். மெதுவாக நடப்பவரை முன்னே விடுங்கள். பாதித் தண்ணீர் தீர்ந்ததும் திரும்பிவிடுங்கள். உச்சியை எட்டாதது தோல்வியன்று. காப்புக்காட்டு வழியாயின் வனத்துறையின் அனுமதி பெறுங்கள்.

ஒன்று மட்டும் மறவாதீர்கள்: கட்டுச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டு வாசலில் நின்று வழியனுப்பும் தாய்மாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மலைக்காற்று அவர்களுக்கும் உரியதே!