கோழித் தீவனம்: முடிவெடுப்பவர் பலர், பொறுப்பேற்பவர் யார்?

புது தில்லி: நாட்டின் முட்டை உற்பத்தி பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ இரு மடங்காகியுள்ளது. 2014-15-ஆம் ஆண்டில் 7,848 கோடியாக இருந்த முட்டைகளின் எண்ணிக்கை, 2024-25-இல் 14,911 கோடியாக உயர்ந்ததாக மத்திய கால்நடை பராமரிப்புத் துறையின் புள்ளிவிவரம் தெரிவிக்கிறது. ஆனால், இந்த வளர்ச்சியைத் தாங்கி நிற்கும் கோழித் தீவனத்தின் விலையோ இருப்போ அந்தத் துறையின் கட்டுப்பாட்டில் இல்லை. பெட்ரோலியம், உணவு, வர்த்தகம், சுற்றுச்சூழல் ஆகிய அமைச்சகங்கள் தத்தம் நோக்கில் எடுக்கும் முடிவுகளே கோழிப் பண்ணையாளரின் வரவு செலவைத் தீர்மானிக்கின்றன.

கோழி வளர்ப்பில் ஆகும் மொத்தச் செலவில் 60 முதல் 70 சதவீதம் தீவனத்துக்கே செல்கிறது. ஆகவே தீவனத்தில் ஏற்படும் சிறு அசைவும் முட்டை, இறைச்சி ஆகியவற்றின் விலையில் உடனே எதிரொலிக்கிறது. ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் உண்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 40 கிலோ. அது இடும் முட்டைகள் 320 என்று கொண்டால், தீவனம் கிலோவுக்கு ஒரு ரூபாய் உயரும்போது ஒரு முட்டையின் அடக்கவிலை 12 காசுக்கு மேல் கூடுகிறது. ஒரு லட்சம் கோழிகளை வளர்க்கும் பண்ணைக்கு இது ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் கூடுதல் சுமை.

இரண்டு பொருள்களின் மீது ஒரு தொழில்

இந்தியக் கோழித் தீவனத்தில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு மக்காச்சோளம். கோழிக்குத் தேவையான எரிசக்தி இதிலிருந்து கிடைக்கிறது. புரதத்துக்கு ஆதாரம் சோயா பிண்ணாக்கு. கறிக்கோழித் தீவனத்தில் இதன் பங்கு கால் பகுதிக்குக் குறைவதில்லை. எஞ்சிய இடத்தைத் தவிடு, கம்பு, குருணை, கடலை மற்றும் சூரியகாந்திப் பிண்ணாக்கு, மீன்தூள், முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்புக் கல், தாது உப்புகள், வைட்டமின்கள் ஆகியவை நிரப்புகின்றன. மெத்தியோனின் போன்ற அமினோ அமிலங்களுக்கு இத்தொழில் பெரும்பாலும் இறக்குமதியையே நம்பியிருக்கிறது.

மக்காச்சோளம் கர்நாடகம், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், தெலங்கானா, பிகார் ஆகிய மாநிலங்களிலிருந்து வருகிறது. சோயா முக்கியமாக மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் ஆகிய மூன்று மாநிலங்களின் பயிர். பெரும்பகுதி மானாவாரி நிலத்தில் விளைவதால், பருவமழை பொய்த்தாலும் அறுவடைக் காலத்தில் மிகுந்தாலும் சந்தை குலுங்குகிறது. சோயாவைப் பொருத்தவரை, இறக்குமதி சமையல் எண்ணெயின் விலையும் சுங்கவரியும்கூடப் பிண்ணாக்கின் விலையைப் பாதிக்கின்றன. விதையில் எண்ணெய் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவே. மீதம் பெரும்பாலும் பிண்ணாக்கு. எண்ணெயில் லாபம் குறைந்தால், ஆலைகள் பிண்ணாக்கில் அதை ஈடுகட்ட முயல்கின்றன.

2021-ஆம் ஆண்டின் பாடம்

இத்தொழிலின் பலவீனம் 2021-இல் வெளிப்பட்டது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் கிலோ 40 ரூபாய் அளவில் இருந்த சோயா பிண்ணாக்கு, ஆகஸ்ட் மாதத்தில் 90 ரூபாயைக் கடந்து 100 ரூபாயை நெருங்கியது. பிண்ணாக்கின் பங்கு கால் பகுதி எனக் கொண்டால், 50 ரூபாய் உயர்வு தீவனத்தில் கிலோவுக்கு 12 ரூபாய்க்கும் மேல். ஒரு கிலோ எடை கூட ஒரு கறிக்கோழிக்குச் சுமார் 1.6 கிலோ தீவனம் தேவை. அதாவது, உயிருடன் உள்ள கோழியின் அடக்கவிலை இந்த ஒரு பொருளால் மட்டுமே கிலோவுக்கு 20 ரூபாய் ஏறியது.

நெருக்கடி முற்றிய பிறகே மத்திய அரசு அசைந்தது. மரபணு மாற்றப்பட்ட சோயாவிலிருந்து எண்ணெய் எடுத்தபின் கிடைக்கும் பிண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய 2021 ஆகஸ்ட் மாதம் அனுமதி வழங்கப்பட்டது. பிண்ணாக்கில் உயிருள்ள மரபணு மாற்ற உயிரி எதுவும் இல்லை என்பதால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் தெரிவித்தது. பருத்தியைத் தவிர வேறெந்த மரபணு மாற்றப் பயிரும் வணிக ரீதியில் பயிரிடப்படாத நாட்டில் இது முன்னுதாரணமாக அமைந்தது. அதற்கு முன்பே மரபணு மாற்றப்பட்ட பருத்தியின் கொட்டைப் பிண்ணாக்கு ஆண்டுக்கணக்கில் மாட்டுத் தீவனமாகப் பயன்பட்டு வந்தது என்பதும் கவனிக்கத்தக்கது.

ஆனால் கப்பல்கள் வந்து சேர்வதற்குள் புதிய அறுவடை தொடங்கிவிட்டது. குவிண்டால் 10,000 ரூபாய் அளவுக்கு ஏறியிருந்த சோயா விலை, அக்டோபரில் ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. பண்ணையாளருக்கு வேண்டிய நேரத்தில் இறக்குமதி பயன்படவில்லை; உழவருக்கோ விலை சரியும் நேரத்தில் அது கூடுதல் அடியாக விழுந்தது. அனுமதித்த 12 லட்சம் டன்னில் 5.5 லட்சம் டன் வராமல் நின்று, 2022 மே மாதம் மீண்டும் அவகாசம் தரப்பட்டது. இடையில், 2021 டிசம்பரில் சோயா பிண்ணாக்கு அத்தியாவசியப் பொருளாக அறிவிக்கப்பட்டு இருப்பு வரம்பு விதிக்கப்பட்டது. அதே மாதம் சோயாவின் முன்பேர வர்த்தகமும் நிறுத்தப்பட்டது. ஐந்து மாத இடைவெளியில் இறக்குமதி, இருப்பு வரம்பு, வர்த்தகத் தடை என மூன்று ஆயுதங்கள் எடுக்கப்பட்டன. மூன்றும் விலை ஏறிய பிறகு எடுக்கப்பட்டவை.

வாகனத்துக்கும் கோழிக்கும் போட்டி

அடுத்த அதிர்ச்சி மக்காச்சோளத்தின் வழியாக வந்தது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கு 2030-லிருந்து 2025-26-க்கு முன்கொண்டு வரப்பட்டது. கரும்பு விளைச்சல் குறையும் என்ற அச்சத்தால் 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் தயாரிப்பதற்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. இந்திய உணவுக் கழகத்தின் அரிசி எத்தனாலுக்கு வழங்கப்படுவது அதற்கு முன்பே, 2023 ஜூலையில் நிறுத்தப்பட்டிருந்தது. எஞ்சியது மக்காச்சோளம். 2024 ஜனவரியில் மக்காச்சோள எத்தனாலின் கொள்முதல் விலை லிட்டருக்கு 71.86 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

விளைவு உடனே தெரிந்தது. 2022-23 எத்தனால் ஆண்டில் 32 கோடி லிட்டருக்கும் குறைவாக இருந்த மக்காச்சோள எத்தனால், 2023-24-இல் 280 கோடி லிட்டரைத் தாண்டியது. ஒரு டன் தானியத்திலிருந்து சுமார் 380 லிட்டர் எத்தனால் கிடைக்கும் என்பதால், இதற்கு ஏறத்தாழ 75 லட்சம் டன் மக்காச்சோளம் தேவைப்பட்டது. மரபாக நாட்டின் மக்காச்சோளத்தில் ஏறத்தாழ பாதியை உண்டு வந்த கோழிப் பண்ணைகளுக்குத் திடீரெனப் பெரும் போட்டியாளர் உருவானார். அந்தப் போட்டியாளரின் விற்பனை விலைக்கு அரசே உத்தரவாதம் தந்தது. முட்டைக்கு அத்தகைய உத்தரவாதம் ஏதுமில்லை.

2022-23-இல் 30 லட்சம் டன்னுக்கு மேல் மக்காச்சோளம் ஏற்றுமதி செய்த இந்தியா, 2024-இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் இறக்குமதி செய்யும் நாடானது. வழக்கமான 50 சதவீதச் சுங்க வரிக்குப் பதிலாக 15 சதவீத வரியில் 4.98 லட்சம் டன் இறக்குமதி செய்ய 2024 ஜூன் மாதம் அனுமதி தரப்பட்டது. வரியை முற்றிலும் நீக்க வேண்டும் என்று கோழிப் பண்ணை அமைப்புகள் கோரின. உலகச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி மரபணு மாற்றப்பட்டது என்பதால் அந்தக் கதவு திறக்கவில்லை.

ஆலைச் சக்கை தொட்டிக்குத் திரும்புகிறது

எத்தனால் ஆலைகள் தானியத்தை எடுத்துக்கொள்வதோடு நிற்பதில்லை. தானியத்தின் மாவுச்சத்து எரிசாராயமாக மாறியபின் எஞ்சும் சக்கையை உலர்த்தித் தீவனமாக விற்கின்றன. டி.டி.ஜி.எஸ். என்று சந்தையில் வழங்கும் இது, மக்காச்சோளத்திலிருந்து வந்தால் 30 சதவீதத்துக்கு நெருக்கமான புரதமும், அரிசியிலிருந்து வந்தால் அதனினும் அதிகப் புரதமும் கொண்டது. விலையில் சோயா பிண்ணாக்கைவிட மலிவு. ஆகவே தீவன ஆலைகள் சோயாவைக் குறைத்து இதைச் சேர்க்கத் தொடங்கின.

இதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதலாவது தரம். தானியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து நீங்கிவிடுவதால், எஞ்சும் சக்கையில் புரதம் செறிவடைவதைப் போலவே அஃப்ளாடாக்ஸின் என்னும் பூஞ்சை நஞ்சும் ஏறத்தாழ மூன்று மடங்காகச் செறிவடைகிறது. ஈரம் காயாமல் அள்ளப்படும் மக்காச்சோளத்தில் இந்த நஞ்சு சாதாரணமாகக் காணப்படுவது. இது கோழியின் ஈரலைப் பாதித்து, நோய் எதிர்ப்பாற்றலையும் முட்டை இடும் திறனையும் குறைக்கிறது. பெரிய நிறுவனங்களிடம் ஒவ்வொரு லாரியையும் சோதிக்க ஆய்வகம் உண்டு. மூலப்பொருளை வாங்கித் தானே அரைத்துக் கலக்கும் சிறு பண்ணையாளருக்கு, கோழிகள் நலிவுறும்போதே உண்மை தெரிகிறது.

இரண்டாவது சிக்கல் சோயா உழவருடையது. 2024 அறுவடையில் குவிண்டாலுக்கு 4,892 ரூபாய் என ஆதரவு விலை அறிவிக்கப்பட்டிருந்தும், மத்தியப் பிரதேச, மகாராஷ்டிரச் சந்தைகள் பலவற்றில் அதனினும் வெகுவாகக் குறைந்த விலையே கிடைத்தது. உழவர்கள் போராட்டத்தில் இறங்கியபின் கொள்முதலுக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. உலக விலை வீழ்ச்சி ஒரு காரணம் என்றால், பிண்ணாக்கின் இடத்தை ஆலைச் சக்கை பிடித்துக்கொண்டது மற்றொரு காரணம். எண்ணெய் வித்துகளில் தன்னிறைவு வேண்டும் என்று ஒரு துறை முழங்க, மற்றொரு துறையின் திட்டம் எண்ணெய் வித்து உழவரின் சந்தையைச் சுருக்கியது.

ஊசலின் மறுமுனை

2024-25-இல் மக்காச்சோள விளைச்சல் 4.3 கோடி டன்னைத் தாண்டிச் சாதனை படைத்தது. எத்தனாலின் விலை உத்தரவாதத்தை நம்பி உழவர்கள் பரப்பை விரித்தனர். அதே காலத்தில் உணவுக் கழகம் தன் உபரி அரிசியில் 52 லட்சம் டன்னை எத்தனாலுக்கு ஒதுக்கியது; விலை கிலோ 22.50 ரூபாய். 20 சதவீதக் கலப்பும் 2025-இல் எட்டப்பட்டுவிட்டதால், எத்தனாலின் தேவை முன்போல வேகமாக உயரவில்லை. 2025-26-ஆம் ஆண்டுக்கு எண்ணெய் நிறுவனங்கள் ஒதுக்கிய சுமார் 1,048 கோடி லிட்டரைக் காட்டிலும் ஆலைகள் தர முன்வந்த அளவு மிக அதிகம்.

எனவே, 2025 நவம்பரில் கர்நாடக உழவர்கள் வீதிக்கு வந்தனர். ஆதரவு விலை 2,400 ரூபாய். சந்தையில் கிடைத்தது 1,600 முதல் 1,800 ரூபாய். முதல்வர் சித்தராமையா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கோழிப் பண்ணையாளருக்கு இது நிம்மதி; உழவருக்கு நஷ்டம். நஷ்டப்பட்ட உழவர் அடுத்த பருவத்தில் வேறு பயிருக்குச் சென்றால், தீவனச் செலவு மீண்டும் ஏறும்.

வெளியிலிருந்தும் அழுத்தம் வருகிறது. இந்தியா தங்கள் மக்காச்சோளத்தை வாங்குவதில்லை என்று அமெரிக்க வணிக அமைச்சர் ஹோவர்ட் லுட்னிக் 2025 செப்டம்பரில் வெளிப்படையாகக் குறைகூறினார். 2026 பிப்ரவரியில் இரு நாடுகளும் வெளியிட்ட கூட்டறிக்கையில், இந்தியா சுங்க வரியைக் குறைக்கவோ நீக்கவோ இசைந்த பொருள்களின் பட்டியலில் டி.டி.ஜி.எஸ்., கால்நடைத் தீவனத்துக்கான சிவப்புச் சோளம், சோயா எண்ணெய் ஆகியவை இடம்பெற்றன. மூன்றுமே தீவனத் தொழிலையும் சோயா உழவரையும் நேரடியாகத் தொடுபவை.

செய்யக் கூடியவை

உற்பத்தித் திறனே அடிப்படைத் தீர்வு. இந்தியாவில் ஹெக்டேருக்கு மக்காச்சோளம் சுமார் 3.5 டன், சோயா சுமார் ஒரு டன். உலக சராசரி முறையே 5.5 டன்னுக்கும் 2.5 டன்னுக்கும் மேல். இந்த இடைவெளி பாதி குறைந்தாலும் கோழிக்கும் வாகனத்துக்குமான போட்டி வெகுவாகத் தணியும். ஆனால் விதை, பாசனம், ஆராய்ச்சி ஆகியவற்றின் பலன் கிடைக்க ஆண்டுகள் ஆகும்.

அதுவரை செய்யக் கூடியவை மூன்று உள்ளன. முதலாவதாக, எத்தனாலுக்கான ஒதுக்கீட்டை அறிவிக்குமுன், அந்த ஆண்டின் தீவனத் தேவையையும் கணக்கிட்டு, விதைப்புக்கு முன்பே வெளியிடுவது. மத்தியில் 2019 முதல் கால்நடை பராமரிப்புக்குத் தனி அமைச்சகம் உள்ளது. இப்பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கலாம். இரண்டாவதாக, எந்த விலையில் இறக்குமதி வரி குறையும், எந்த விலையில் மீண்டும் கூடும் என்பதை முன்கூட்டியே அறிவிப்பது. அப்படிச் செய்தால் 2021-ஐப் போல நெருக்கடி முடிந்தபின் கப்பல் வராது. உழவருக்கும் வியப்பு இருக்காது. மூன்றாவதாக, ஆலைச் சக்கை விற்கும் ஒவ்வொரு ஆலையும் பூஞ்சை நஞ்சின் அளவைச் சான்றளித்தே விற்க வேண்டும் என்று கட்டாயமாக்குவது.

ஆண்டுக்குத் தலைக்கு 180 முட்டைகள் தேவை என்பது ஊட்டச்சத்து வல்லுநர்களின் பரிந்துரை. 2024-25-இல் கிடைத்தது 106. சத்துணவில் பள்ளி நாள்தோறும் முட்டை வழங்கும் தமிழ்நாட்டைப் போன்ற மாநிலங்களுக்கும், இறைச்சியும் பாலும் எட்டாத குடும்பங்களுக்கும் முட்டையே மலிவான புரதம். அந்த மலிவு நிலைக்க வேண்டுமானால், மக்காச்சோளத்தையும் சோயாவையும் குறித்து தில்லியில் முடிவெடுக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் தீவனத்தின் கணக்கும் மேசைமீது இருந்தாக வேண்டும்.